கோழியாளமும் குப்பனும்

“இந்தப் புத்தகத்தில் காதல் உண்டா, ஐயா?”

கேட்டவள் பதினைந்து வயதுப் பெண். கேட்ட இடம், பள்ளியின் நூலக அறை. கேட்கப்பட்டவர் நாம். கேள்விக்கு இலக்கான நூல், இரட்டைமலை சீனிவாசனார் தம் வாழ்வைத் தாமே எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’.

நாம் என்ன விடை தந்தோம்? நகைத்தோம். “இது காதலின் கதை அல்ல, கடமையின் கதை!” என்று மேடையிலே முழங்குவது போலச் சொன்னோம். சொன்னபோது நம் சொல் நமக்கே இனித்தது. கலைப் பட்டம் பெற்று, ஆசிரியப் பணியேற்று மூன்றாண்டுகூட நிறையாத இளைஞருக்குத் தம் குரல் தேனாக இனிப்பது இயல்புதானே! அந்த இனிப்பு எத்துணை விரைவில் கசந்தது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

படூர், பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைக் கடந்தபின், கேளம்பாக்கத்தை எட்டுமுன் வரும் ஊர். முன்னே வயலைப் பார்த்திருந்த ஊர், இன்று வானை முட்டும் அடுக்ககங்களை அண்ணாந்து பார்க்கிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கும் அப்பால் அலைகடல். கேளம்பாக்கம், கோவளம் பக்கம் உப்பளங்கள். நம் வகுப்பிலே உப்பளத்தில் உழைத்தவர் வீட்டுப் பிள்ளை உண்டு. கடலில் வலை வீசுவோர் வீட்டுப் பிள்ளை உண்டு. கணினி நிறுவனத்தில் தரை துடைக்கும் தாயின் பிள்ளை உண்டு. ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் பிள்ளையும் உண்டு. தொழுகைக்குச் செல்லும் வீடு, தேவாலயம் செல்லும் வீடு, அம்மனுக்குக் கூழ் வார்க்கும் வீடு என எல்லா வீடுகளும் ஒரே வருகைப் பதிவேட்டில்! காலையில் பெயர் வாசித்து முடித்தால், பாதி நாட்டைச் சுற்றி வந்தது போலிருக்கும்.

இத்தகைய பிள்ளைகளுக்கு எதைப் படிக்கத் தருவது? நாம் ஐயமின்றி முடிவு செய்திருந்தோம்: தலைவர் வாழ்வு! அரசியல் வரலாறு! அதிலும் இரட்டைமலையார் இந்தச் செங்கல்பட்டுச் சீமையின் மைந்தர். கோழியாளம் அவர் பிறந்த ஊர். 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கிய நெஞ்சுரம் அவருடையது. எந்தச் சொல்லை இழிவென்று எறிந்தார்களோ, அந்தச் சொல்லையே எடுத்து நெற்றியிலே சூட்டிக்கொண்டார். தென்னாப்பிரிக்கா சென்றார். திரும்பி வந்து சென்னைச் சட்டமன்றத்திலே அமர்ந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுத்தல் கூடாது என்று 1924இல் தீர்மானம் கொணர்ந்தார். 1930இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டிலே அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து ஊமைகளின் குரலாய் ஒலித்தார். 1939இல் அந்த வாழ்வைச் சுருக்கமாய் எழுதி வைத்தார். 1945இல் மறைந்தார்.

இப்படிப்பட்ட நூலிலே காதலைத் தேடுகிறாளே இப் பெண் என்று நமக்குச் சலிப்பு.

அவள் படித்துவந்தவை எவை என்பது நமக்குத் தெரியும். கைப்பேசியில் பகுதி பகுதியாக வரும் மாயக் காதல் கதைகள். பனிமலை மேலே அரண்மனை. சிறகு முளைத்த இளவரசன். நிலவு நிறத்து நங்கை. சாபம், பிரிவு, மீட்பு. இவற்றிலே மயங்கிக் கிடக்கும் பெண்ணை மண்ணுக்கு இறக்கிவருவது நம் கடன் என்று கருதினோம். நூலைக் கையில் திணித்து அனுப்பினோம்.

ஒரு வாரம் சென்றது. வந்தாள், நூலைத் தந்தாள்.

“படித்தாயா?”

“படித்தேன் ஐயா. கோயம்புத்தூரில் படிக்கும்போது அவர் மற்றப் பிள்ளைகளோடு சேரவே இல்லை. சேர்ந்தால் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியே தனியாக இருந்தாராம். அந்த இடத்தை மூன்று முறை படித்தேன்.”

நாம் இதற்கு எதுவும் சொல்லவில்லை. வட்டமேசையைப் பற்றிச் சொல்வாள் என்று எதிர்பார்த்த நமக்கு, வகுப்பறைக்கு வெளியே நின்ற சிறுவனைப் பற்றி அவள் பேசியது சிறிய செய்தியாகவே பட்டது. அவளே தொடர்ந்தாள்:

“நான் படிக்கும் கதைகளில் காதல் இருக்கிறது, எங்கள் தெரு இல்லை. இந்தப் புத்தகத்தில் எங்கள் தெரு இருக்கிறது, காதல் இல்லை. அதனால்தான் நானே ஒன்று எழுதுகிறேன்.”

நீட்டினாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை. இரண்டு பக்கம் புரட்டினோம். உப்பளத்திலே ஓர் அரசி. நள்ளிரவில் பாத்தியிலே பூக்கும் ஒரு நீல உப்பு. அதை நாவில் வைத்தவர்க்குப் பிறர் பேசும் மொழியெல்லாம் விளங்கும். அந்த உப்பின் துணையால் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞனும் உப்பளத்துப் பெண்ணும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிகிறார்கள். படைத் தலைவியோ காலில் ஊனமுற்ற ஒருத்தி. அவள் ஊன்றுகோலே வாள்.

நாம் சொன்னது ஒரே சொல். “பதர்!” சொல்லிவிட்டு, பொதுத் தேர்வு நெருங்குவதை நினைவூட்டினோம். அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

*

அடுத்த கிழமை அந்த நோட்டு வகுப்பிலே வேறோர் ஆசிரியரின் கையில் சிக்கிற்று. அவர் கண்ணிலே பட்டது உப்பு அல்ல, அரசி அல்ல, ‘காதல்’ என்ற மூன்றெழுத்து மட்டுமே. அந்தப் பெயருள்ள இளைஞன் யார், எந்த வகுப்பு, எத்தனை நாளாக என்று விசாரணை நடந்தது. தந்தையை அழைத்தார்கள். அந்த அறையிலே நாமும் இருந்தோம். “இது கதை. இதனை நான் முன்பே படித்திருக்கிறேன்” என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாய் திறந்தோமா? இல்லை. மேடையிலே முழங்கத் தெரிந்த நாக்கு அன்று மேலண்ணத்திலே ஒட்டிக்கொண்டது. மூத்தவர் முன்னே பேசுவதா என்ற தயக்கம். நாமும் இதனைப் பதர் என்றவர்தானே என்ற குற்ற உணர்வு. தந்தை தலைகுனிந்து மகளை அழைத்துச் சென்றார்.

நான்கு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை நாம் போனோம்.

சிறிய வீடு. தந்தை முன்னே உப்பளத்தில் உழைத்தவர். இப்போது ஓர் அடுக்ககத்திலே இரவுக் காவல். நம்மைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். அந்த மரியாதை நம்மைச் சுட்டது.

“கதைன்னு நீங்க சொல்றீங்க, சார். ஊரு அப்படிச் சொல்லுமா? பொம்பளப் புள்ள நோட்டுல காதல் எழுதிச்சுன்னுதான் சொல்லும். மாமன் மவன் ஒருத்தன் இருக்கான். முடிச்சு வச்சுட்டா எங்க பாரம் எறங்கிடும்.”

நாம் சட்டம் பேசினோம். பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மணம் முடிப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்றோம். அவர் தலையசைத்தார். சட்டம் அவர் காதுவரை சென்றது. அச்சம் இருந்த இடத்தை எட்டவில்லை. இருள் கவிந்தது. என்ன பேசுவதென்று அறியாமல் அமர்ந்திருந்தோம்.

அப்போது பங்கு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார் தாய். கணினி நிறுவனம் ஒன்றிலே தூய்மைப் பணி அவருக்கு. செய்தியைக் கேட்டார். கணவரைப் பார்த்துச் சொன்னார்:

“அந்தக் கதைய ராத்திரி எனக்குத்தான் படிச்சுக் காட்டும். கால் வலியோட வந்து படுப்பேன். அது படிக்கும். அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சுன்னு நான்தான் கேப்பேன். குத்தம்னா எம்மேலயும் குத்தந்தான்.”

“ஒனக்கும் தெரியுமா?” திகைத்தார் தந்தை.

“தெரியும். அதுல வர்ற ராணி சும்மா ஒக்காந்திருக்கிற ராணி இல்ல. வேலைக்குப் போற ராணி. கூலியக் கொறச்சா கேக்குற ராணி.”

நெடுநேரம் அந்த மனிதர் பேசவில்லை. பிறகு, கதவு மறைவை நோக்கிக் கேட்டார்: “கடைசியில அந்த ராணி என்ன ஆவுறா?”

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: “இன்னும் எழுதலப்பா.”

“பரீட்சைய எழுது மொதல்ல. அப்புறம் அத எழுது.”

அவ்வளவுதான் தீர்ப்பு! சட்டத்தால் ஆகாதது, நூலாசிரியர் வாழ்வுகளை அடுக்கடுக்காய்ப் படித்த நம் நாவன்மையால் ஆகாதது, ஓர் உழைப்பாளித் தாய் உள்ளதைச் சொன்னதால் ஆயிற்று. விடைபெறுமுன் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மாணவியிடம் மன்னிப்புக் கேட்பதைக் கண்டு அவ் வீட்டார் பதறினர். பதற வேண்டியவர் நாமே, அவர்களல்லர்.

*

அன்றிரவு நாம் உறங்கவில்லை. ‘பதர்’ என்றோமே, எது பதர்? எது நெல்? பட்டப் படிப்பிலே மதிப்பெண்ணுக்காகப் படித்த ஒரு நூலை அலமாரியிலிருந்து எடுத்தோம். பாரதிதாசனாரின் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’. 1930இல் வெளிவந்த காவியம். எழுதியவர் யார்? புதுவையிலே அரசுப் பள்ளித் தமிழாசிரியர்! நம் தொழில்தான்.

அந்தக் காவியத்தின் கதை என்ன? குப்பன் என்று ஓர் இளைஞன். வஞ்சி என்று ஒரு மங்கை. இருவரும் காதலர். மலைமேலே மாய மூலிகை. அதனைத் தின்றால் உலகத்தின் பல மூலைகளிலே பேசுவோர் பேச்செல்லாம் காதில் விழும். காதலர் இருவரும் மலையேறுகிறார்கள், மூலிகை தின்கிறார்கள், அயல்நாட்டார் பேச்செல்லாம் கேட்கிறார்கள். பிறகு பாகவதர் ஒருவர் சொல்லும் இராமாயணக் கதை காதில் விழுகிறது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கும் கட்டம்! தாம் நிற்கும் மலையைத்தான் தூக்குகிறான் என்று நடுங்குகிறான் குப்பன். வஞ்சியோ நகைக்கிறாள், அவனைத் தெளிவிக்கிறாள். கதை முடிந்து பாகவதர் பரிசு பெறுவதும் கேட்கிறது. குப்பனின் மருள் நீங்குகிறது.

நாம் திடுக்கிட்டு எழுந்து அமர்ந்தோம். இது என்ன? மாயம் இருக்கிறது. இளங் காதல் இருக்கிறது. பல நாட்டு மாந்தர் இருக்கிறார்கள். ஆணை அறிவால் வழிநடத்தும் பெண் இருக்கிறாள். ‘குப்பன்’ என்ற பெயர் இருக்கிறது! பனிமலை இளவரசன் அல்லன். நம் தெருவிலே அழைத்தால் திரும்பிப் பார்க்கும் பெயர். நீல உப்புக்கும் அந்த மூலிகைக்கும் என்ன வேறுபாடு? பதினைந்து வயதுப் பெண் எழுதினால் பதர். பாவேந்தர் எழுதினால் பாடமா?

பகுத்தறிவு பேசும் நண்பர்கள் கேட்கக்கூடும்: மாயக் கதைகளை நாம் வரவேற்பதா? கேள்வி நியாயமானதே. விடையையும் அக் காவியமே தருகிறது. பொய்யைப் பொய் என்றே சொல்லி மகிழ்விப்பது கதை. பொய்யை மெய்யென்று சொல்லி மண்டியிடச் செய்வது மூடநம்பிக்கை. மூலிகையைத் தின்ற வஞ்சி மூளையை இழக்கவில்லை. மாயத்தைக் கருவியாகக் கொண்டே மருளை அறுத்தாள். கதையைக் கதையென்று அறிந்து சுவைக்கப் பழகிய பிள்ளைதான், நாளை கதையை வரலாறு என்று விற்கவரும் வணிகரிடம் ஏமாறாது.

இன்னும் பின்னே போவோம். சாத்தனாரின் மணிமேகலை என்ன? கணிகையர் குலத்திலே பிறந்த இளம் பெண் தலைவி. மூன்று மந்திரங்கள் அவளிடம்: வேற்றுருக் கொள்ளலாம், வானிலே செல்லலாம், பசியைப் போக்கலாம். அவளைக் காதலித்துத் தொடர்கிறான் அரசிளங் குமரன். அவள் கையிலே அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. அக் கலம் யாருடையது? பெற்றவளால் கைவிடப்பட்டு, வேள்விப் பசுவை விடுவித்ததற்காக ஊராரால் விரட்டப்பட்ட ஆபுத்திரனுடையது. கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவன் எப்படி உயிர் தப்பினான்? நாகர் மொழியை அறிந்திருந்தான்; அதனால் தப்பினான்! அயலார் மொழி அறிதலே உயிர்காக்கும் மாயம் என்று அன்றே எழுதியிருக்கிறார் சாத்தனார். மணிமேகலையோ அந்த மாயங்களைக் கொண்டு என்ன செய்தாள்? அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். வறட்சியிலே வாடிய காஞ்சிக்கு வந்து, வந்தோர்க்கெல்லாம் உணவளித்தாள். சிறைச் சீர்திருத்தமும் பசிப்பிணி நீக்கமும் அரசியலன்றி வேறென்ன?

அரசியல் தனி, கனவு தனி, காதல் தனி என்று அலமாரிகளைப் பிரித்தவர்கள் யார்? நம் முன்னோர் அல்லர். நம்மைப் போன்ற அரைகுறைப் படிப்பாளிகளே!

*

இனி, காதலுக்கு வருவோம். தலைவர் வாழ்வுகளிலே காதல் ஏன் இல்லை? இல்லை என்று நாம் சொன்னது பொய். இருக்கிறது, தீர்மான வடிவிலே இருக்கிறது!

1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். இதே செங்கல்பட்டு. முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையிலே கூடிற்று. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து அகற்றுக என்றது. பெண்ணுக்குப் பதினாறு வயதுக்குமுன் மணம் கூடாது என்றது. சாதி, மத வேறுபாடின்றித் தம் துணையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்றது. பிரியும் உரிமை வேண்டும் என்றது. சொத்திலே ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்றது. அதே ஆண்டின் பிற்பகுதியிலே நிறைவேறிய சாரதா சட்டம்கூடப் பெண்ணின் மண வயதைப் பதினான்கு என்றுதான் வைத்தது என்பதை எண்ணிப் பார்த்தால், செங்கல்பட்டுப் பந்தலில் அமர்ந்திருந்தோர் எத்துணைத் தொலைவு பார்த்தார்கள் என்பது விளங்கும்.

அன்று அத் தீர்மானங்கள் எல்லாம் என்னவாகத் தோன்றியிருக்கும்? நீல உப்பாகத்தான் தோன்றியிருக்கும்! மாயக் கதை என்று நகைத்தோர் எத்தனை பேரோ! ஆனால், புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967இல், அறிஞர் அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது, சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. பரம்பரைச் சொத்திலே பெண்ணுக்குச் சம உரிமை தரும் சட்டம் 1989இல் தமிழ்நாட்டிலும், 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. செங்கல்பட்டிலே கண்ட கனவு, சென்னையிலே சட்டமாக அறுபது ஆண்டுகள்; தில்லியை எட்ட எழுபத்தாறு ஆண்டுகள்.

சட்டம் வந்தது. படூரின் அந்தச் சிறு வீட்டு வாசலுக்கு முழுதாக வந்து சேர்ந்ததா? பெண் நோட்டிலே ஒரு சொல் எழுதினாள் என்பதற்காகப் பள்ளி அதிர்கிறது, தந்தை நடுங்குகிறார், மாமன் மகன் காத்திருக்கிறான். ஆகவே அந்தத் தீர்மானம் இன்னும் முடியாத கதை. முடியாத கதையை எழுதத் துணிந்தவளைத்தான் நாம் பதர் தூற்றுபவள் என்று ஏசினோம்.

*

அவள் பள்ளிக்கு வந்தாள். தேர்வை எழுதினாள். நூலக அறையிலே இப்போது ஒரு சிறு மாறுதல் செய்திருக்கிறோம். ‘வாழ்க்கை வரலாறு’ என்றும் ‘கதை’ என்றும் தனித்தனியே இருந்த தட்டுகளைக் கலைத்தோம். இரட்டைமலையாரின் வாழ்வுக்கு அருகிலே வஞ்சியும் குப்பனும் நிற்கிறார்கள், மணிமேகலையும் அங்கேதான். ஒன்றைத் தேடி வரும் கை இன்னொன்றையும் தொடட்டும்.

விடுமுறை முடிந்து ஒரு நாள் அவள் நோட்டோடு வந்தாள். புதிய அத்தியாயம். இம்முறை அமர்ந்து, முழுவதும் படித்தோம்.

உப்பளத்து அரசி காலத்தைக் கடந்து பின்னோக்கிப் போகிறாள். கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடம். மணி அடிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். ஒருவன் மட்டும் வெளியே தனியாக நிற்கிறான். யாரும் தன் தெருவைக் கேட்டுவிடக் கூடாதே என்ற அச்சம் அவன் கண்ணில். அரசி அருகில் போகிறாள். எந்த ஊர் என்று கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்கவில்லை. “விளையாட வருகிறாயா?” என்று மட்டும் கேட்கிறாள்.

நோட்டை மூடினோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டோம். வரலாறு அந்தச் சிறுவனுக்குத் தர மறந்த ஒன்றை, செங்கல்பட்டுச் சீமையின் பெண்ணொருத்தி நூறாண்டுக்கும் மேலான தொலைவைத் தாண்டிச் சென்று தந்துவிட்டு வந்திருந்தாள். அரசியல் வாழ்வு வரலாற்றை இதைவிடக் கூர்ந்து படித்தவரை நாம் கண்டதில்லை.

“இந்தப் புத்தகத்தில் காதல் உண்டா, ஐயா?” என்று இன்னொரு பிள்ளை வந்து கேட்கட்டும். இனி நகைக்க மாட்டோம். “உண்டு, குழந்தாய். தேடிப் பார். கிடைக்காவிட்டால் நீ எழுது” என்போம்.